பதிவு இல்லாத தாஸ்கா, பூட்டிக் கிடக்கும் பின்கதவு: எதிலிருந்து ஆரம்பிப்பது?

செம்பனைமகள் கேட்டது:

வணக்கம். சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் ஒரு தாஸ்கா, அதாவது குழந்தைக் காப்பகம். பெயர் இங்கே வேண்டாம். மூலை வீடு, தரைத்தளம் மட்டும். சுற்றுத் தோட்டங்களில் காட்டு வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் 22 பேர் அங்கே இருக்கிறார்கள். ஒரு வயது நிறையாத கைக்குழந்தைகள் 4, ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 11, மூன்று வயதைத் தாண்டியவர்கள் 7. கட்டணம் எல்லாருக்கும் ஒரே மாதிரி, மாதம் 250 வெள்ளி (ரிங்கிட்).

காலை ஐந்தரைக்கே திறந்துவிடுகிறார்கள், பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு, அது பெரிய உதவி. ஆனால் அந்த நேரத்தில் வரும் எட்டுப் பிள்ளைகளுக்கும் ஓர் ஆயாதான். ஏழரைக்குப் பிறகு மூன்று பேர், அதில் ஒருவர் சமையலும் பார்க்கிறார். பின்கதவு கிரில்லில் எப்போதும் பூட்டு தொங்குகிறது, சாவி முதலாளியம்மாவின் கைப்பையில். கைக்குழந்தைகள் நால்வரும் ஸ்பிரிங் தொட்டிலில்தான் தூங்குகிறார்கள். தண்ணீர்த் தடை என்று செய்தி வந்தால் குளியலறையில் வாளி வாளியாகப் பிடித்து வைக்கிறார்கள், மூடி கிடையாது. சுவரில் எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) சான்றிதழ் மாட்டியிருக்கிறது, அதைக் காட்டி "லைசென்ஸ் இருக்கு" என்கிறார்கள்.

இதில் எது சட்ட மீறல், எது வெறும் கவனக்குறைவு? யாரிடம் சொல்வது? 250 வெள்ளிக்கு இதுக்கு மேல எதிர்பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில்? இடத்தை இழுத்து மூடிவிட்டால் அத்தனை பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பதுதான் எல்லாரையும் வாயடைக்க வைக்கிறது.

பதிவேடு எழுதியது:

சகோதரி, முதலில் எந்தச் சட்டம் என்று பிடித்துக்கொள்ளுங்கள். தவறான கவுண்டரில் போய் நின்றால் "எங்க வேலை இல்ல" என்று திருப்பிவிடுவார்கள்.

நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளப்பட்டால் அது தாஸ்கா. 1984-ஆம் ஆண்டின் 308-ஆவது சட்டத்தின்படி அதைச் சமூகநல இலாகாவில், அதாவது ஜேகேஎம்மில், பதிவு செய்தே ஆக வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் வீட்டுத் தாஸ்கா, பத்தும் அதற்கு மேலும் என்றால் நிறுவனத் தாஸ்கா. தோட்டத்தில் ஒரு பாட்டி ஆறு பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொண்டால்கூட அது வீட்டுத் தாஸ்காதான், பதிவு தேவை. மூன்று பிள்ளைகள் வரை இந்தச் சட்டம் தொடாது.

எஸ்எஸ்எம் சான்றிதழ் வியாபாரப் பெயரைப் பதிந்ததற்குச் சான்று, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாசி லெமாக் கடை போடலாம், குழந்தை பார்க்க முடியாது. ஊராட்சி மன்றத்தின் வியாபார உரிமமும் தனியாக இருந்தால் போதாது. இன்னொரு குழப்பம் பாலர் பள்ளி. நான்கு வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ளவர்களுக்கானது கல்வியமைச்சில் 1996-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும். அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, அதுவும் மீறல்தான்.

ஜேகேஎம் பதிவு கிடைக்க ஊராட்சி மன்றம், பொம்பா என்கிற தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா மூன்றும் இடத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஆக, பதிவு இல்லை என்றால் ஒரு காகிதம் இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். கதவையும் அடுப்பையும் கழிவறையையும் பார்க்க வேண்டியவர்கள் ஒருவருமே வந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். பதிவுச் சான்றிதழ் 60 மாதங்களுக்குச் செல்லும். காலாவதித் தேதியையும், அதிலுள்ள முகவரி நீங்கள் நிற்கும் வீட்டு முகவரிதானா என்பதையும் பாருங்கள். பதிவு இல்லாமல் நடத்தினால் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சண்டை போடாமல் கண்டுபிடிக்க ஒரு வழி: வருமான வரிக் கழிவுக்கு ரசீது கேளுங்கள். பதிவு பெற்ற தாஸ்காவுக்கும் பாலர் பள்ளிக்கும் கட்டிய கட்டணத்துக்குப் பெற்றோர் 3,000 வெள்ளி வரை கழிவு கேட்கலாம். ஜேகேஎம் பதிவு எண்ணோடு ரசீது தர மழுப்பினால் காரணம் விளங்கிவிடும்.

அடுத்தது ஆள் கணக்கு. என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கோளாறுக்கும் வேர் இங்கேதான். ஒரு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்றிலிருந்து மூன்று வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர். உங்கள் 4 கைக்குழந்தைகளுக்கு 2 பேர், 11 பேருக்கு 3 பேர், 7 பேருக்கு 1. மொத்தம் ஆறு. சமைப்பவர் சமைக்கும் நேரத்தில் கணக்கில் வரமாட்டார். ஆக அங்கே உண்மையில் இரண்டு பேர் ஆறு பேர் வேலையைச் செய்கிறார்கள். ஐந்தரைக்கு எட்டுப் பிள்ளைகளை ஒருவர் வாங்கும்போது, அதில் இரண்டு கைக்குழந்தை இருந்து ஒன்றுக்குத் துணி மாற்றப் போனால், மற்ற ஏழு பேருக்கும் அந்த நிமிடம் யாருமே இல்லை. அதிகாரிகள் வருவது பெரும்பாலும் அலுவலக நேரத்தில். விதி உடைவது விடியலிலும் மாலை ஆறு மணிக்கு மேலும். புகாரில் அந்த நேரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இட அளவு ஒரு பிள்ளைக்கு 3.5 சதுர மீட்டர். சமையலறை, கழிவறை, ஸ்டோர் சேராது. டேப் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், தரையைப் பாருங்கள். இப்போது நிறைய வீடுகளில் 60 செண்டிமீட்டர் சதுர டைல்தான், ஒன்று 0.36 சதுர மீட்டர். ஒரு பிள்ளைக்குப் பத்து டைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 பேருக்கு 220 டைல். கூடத்தின் நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை என்று வாசலில் நின்றே எண்ணிப் பெருக்கிவிடலாம்.

பராமரிப்பாளர் 18 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும், கேஏபி என்கிற ஆரம்பக் குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சாப்பாடு கையாளுபவருக்கு உணவுக் கையாளுநர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் கட்டாயம். சான்றிதழைப் பார்க்கக் கேட்பது பெற்றோரின் உரிமை, அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

தீக்காப்பு எழுதியது:

பின்கதவுப் பூட்டுக்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதீங்க. நாளைக்கே பேசுங்க.

பிள்ளைங்க வெளியே ஓடிடுவாங்கன்னுதான் பூட்டுறாங்க. அந்தப் பயம் நியாயம். ஆனா அதுக்குத் தீர்வு பூட்டு இல்ல. உள்பக்கம் கையால திருப்பினா திறக்கிற குமிழ்ப்பூட்டு, பிள்ளைங்க கைக்கு எட்டாத மாதிரி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல. சாவியே வேண்டாம். பெரியவங்க இருட்டுலயும் தடவித் திறக்கலாம். கிரில்லுக்கு உள்தாழ்ப்பாள் வெல்டிங் பண்ற கடையில ஒரு மணி நேர வேலை. அது முடியிற வரைக்கும் சாவியைக் கதவுக்குப் பக்கத்துல உயரமா ஒரு ஆணியில மாட்டச் சொல்லுங்க. கைப்பையில இருக்கிற சாவி, முதலாளியம்மா சந்தைக்குப் போன நேரத்துல இல்லாத சாவி.

முன்வாசல்ல ஆட்டோ கேட் இருந்தா அதையும் பாருங்க. மின்சாரம் போனா அது நகராது. மோட்டார்ல கையால விடுவிக்கிற சாவித் துளை இருக்கும், அந்தச் சாவி எங்கன்னு ஆயாவுக்குத் தெரியுமா? பல இடத்துல போட்டுக் கொடுத்த ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜன்னல் எல்லாம் நிலையான கிரில், பின்கதவு பூட்டு, முன்கேட் அசையாது. சமையலறையில தீன்னா அந்த வீட்டுக்கு வழியே இல்ல.

தீயணைப்பான் ஏபிசி பவுடர் வகை இருக்கணும். முள் பச்சையில நிக்கணும், பொம்பா ஒட்டின ஸ்டிக்கர்ல தேதி செல்லுபடியாகணும். ஸ்டோர்ல பாம்பர்ஸ் பெட்டிக்குப் பின்னால வெச்சிருந்தா இல்லாததுக்குச் சமம். சமையலறை வாசலுக்கு வெளிப்பக்கம் மாட்டணும். அடுப்புக்குப் பக்கத்துல மாட்டினா தீப்பிடிச்ச அப்புறம் எடுக்க முடியாது. காஸ் தோம்பு 14 கிலோவை வீட்டுக்கு வெளியே வெச்சு, ஹோஸை சிரிம் தர முத்திரை உள்ளதா போடணும். ஹோஸை விரலால வளைச்சுப் பாருங்க, மேல்தோல்ல வெடிப்பு தெரிஞ்சா அன்னைக்கே மாத்தணும்.

ஓர் ஆள் ஒரே தடவையில ரெண்டு கைக்குழந்தையைத்தான் தூக்கிட்டு ஓட முடியும். நடக்கத் தெரியாதவங்க நாலு பேர்னா ரெண்டு நடை, புகை வந்தப்புறம் ரெண்டாவது நடை கிடையாது. சக்கரம் வெச்ச ஒரு பெரிய குழந்தைக் கட்டில் வாங்கினா நாலு பேரையும் அதுல போட்டு ஒருத்தரே தள்ளிட்டு வெளியே வரலாம். கதவு அகலத்தை அளந்துட்டு வாங்கணும், இல்லன்னா கட்டில் வாசல்ல மாட்டிக்கும். வெளியே வந்ததும் வருகைப் புத்தகத்தை வெச்சுத் தலை எண்ணணும், அதனால அந்தப் புத்தகம் முன்வாசல்லயே இருக்கணும்.

1988-ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டத்துல தீ ஆபத்தை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கிற அதிகாரம் பொம்பாவுக்கு உண்டு. ஜேகேஎம் புகாருக்குக் காத்திருக்காம பக்கத்துப் பொம்பா நிலையத்துல நேரா சொல்லலாம்.

தொட்டில்கட்டு எழுதியது:

கைக்குழந்தைகள் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இந்த நாட்டில் தாஸ்காவிலும் ஆயா வீட்டிலும் குழந்தை இறந்த செய்தி வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை "பால் புரையேறி". அதைத் தலைவிதி என்று விட்டுவிட முடியாது. பெரும்பாலும் அதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கும்.

முதலாவது, புட்டிக்கு முட்டுக் கொடுப்பது. கை போதாதபோது குழந்தையைப் படுக்க வைத்து, சுருட்டிய துண்டைப் புட்டிக்கு அண்டக் கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போவார்கள். குழந்தைக்குப் போதும் என்றாலும் வாயை எடுக்க முடியாது, பால் வந்துகொண்டே இருக்கும், மூச்சுக்குழலில் இறங்கும். சத்தமும் பெரிதாக வராது. அங்கே போகும்போது தலையணை ஓரத்தில் பால் கறை படிந்த சுருட்டுத் துண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். குழந்தையைக் கையில் தாங்கி, தலை உயர்ந்திருக்க, புட்டியை ஒருவர் பிடித்துக் கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வேண்டும். மூன்றுக்கு ஒருவர் என்ற விதி ஏன் வந்தது என்பது பால் நேரத்தில்தான் புரியும்.

இரண்டாவது, தொட்டில். நம் வீடுகளில் சாரோங் தொட்டில் இல்லாமல் குழந்தை வளர்ந்ததில்லை, அதைக் குறை சொல்ல வரவில்லை. வீட்டில் ஒரு குழந்தை, பக்கத்தில் அம்மா. தாஸ்காவில் நான்கு தொட்டில், பக்கத்தில் யாருமில்லை. துணி வளைவில் குழந்தையின் முதுகு குனிந்து தாடை நெஞ்சில் ஒட்டும். இளங்குழந்தைக்குக் கழுத்தை நிமிர்த்த வலு கிடையாது, மூச்சுவழி மடங்கிவிடும். புரளத் தெரிந்த குழந்தை என்றால் முகம் துணியில் அழுந்தும், அல்லது தொட்டில் கவிழும். துணி இரு பக்கமும் மூடிக்கொள்வதால் எட்டிப் பார்க்காமல் நிறம் மாறுவது தெரியாது. ஸ்பிரிங்கின் கொக்கி தேய்ந்து திறந்துகொள்வது தனி ஆபத்து.

தாஸ்காவில் செய்ய வேண்டியது எளிது. தட்டையான, அழுத்தினால் அமுங்காத மெத்தை. மல்லாக்கப் படுக்க வைப்பது. தலையணை, பொலுஸ்தர், கம்பளி, பொம்மை எதுவும் வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை அருகில் போய் நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு சிவந்திருக்கிறதா என்று பார்த்து நேரத்தோடு குறித்து வைப்பது. அந்தக் குறிப்புத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். காலையிலேயே நாள் முழுவதற்கும் டிக் போட்டு வைத்திருந்தால் கையெழுத்தின் சாயலே காட்டிக்கொடுக்கும்.

புரையேறினால் ஒரு வயதுக்குக் கீழே வயிற்றை அமுக்கக் கூடாது. தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. திருப்பி, நெஞ்சு நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. அடைப்பு போகும்வரை மாறி மாறி. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டினால் இன்னும் உள்ளே போகும். ஒருவர் இதைச் செய்ய இன்னொருவர் 999 அழைக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும் என்பதைக் கவனியுங்கள், ஐந்தரை மணிக்கு அங்கே ஒருவர்தான்.

மாவுப்பால் கலக்கும் தண்ணீர் 70 பாகை செல்சியசுக்குக் குறையக் கூடாது, கலக்கியபின் ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. காலையில் மொத்தமாகக் கலக்கி வைப்பது ஆள் குறைவின் இன்னொரு விளைவு. பாம்பர்ஸ் மாற்றும் மேசை பால் கலக்கும் இடத்துக்கு அருகில் இருக்கவே கூடாது.

பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் தூக்கக் கலக்கத்திலேயே இருக்கிறதா? தூங்க வைக்க இருமல் மருந்து, சளி மருந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே அந்த மருந்துகளே கூடாது, அவற்றில் மூச்சு மந்தப்படும் அபாயம் இருக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தையும் தாஸ்கா கொடுக்கக் கூடாது.

அந்த வாளிகள். நடக்கப் பழகும் பிள்ளைக்குத் தலைதான் பாரம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது, சில அங்குலத் தண்ணீர் போதும். மறை உள்ள மூடி போட்ட தோம்பு வாங்கலாம், அல்லது குளியலறைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போடலாம். இரண்டும் செய்தால் நிம்மதி. மூடினால் ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது.

கை, கால், வாய்ப்புண் நோய்க்கும் ஒரு வார்த்தை. காலையில் பிள்ளையை வாங்கும்போதே உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொப்புளம் இருந்தால் அன்று சேர்க்கக் கூடாது, கொப்புளம் காய்ந்த பிறகுதான். கை துடைக்கும் ஆல்கஹால் ஜெல்லை நம்ப வேண்டாம், அந்தக் கிருமிக்கு அது சரியாக வேலை செய்யாது. சோப்புத் தண்ணீர் கைக்கு, குளோரின் கலந்த தண்ணீர் பொம்மைக்கும் தரைக்கும். சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது, மூடி மறைத்தால் ஒரு வாரத்தில் பாதித் தாஸ்கா படுத்துவிடும்.

மருந்துக்கொட்டாய் எழுதியது:

மேலே எல்லாம் பட்டணத்துத் தாஸ்காவுக்கும் பொருந்தும். தோட்டப் பக்கத்துக்கு மட்டும் உரிய இரண்டைச் சேர்க்கிறேன்.

மருந்து அடிக்கும் வேலையிலிருந்து நேராக வந்து பிள்ளையை வாங்குவது. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை, ஆனால் மற்றக் களைக்கொல்லிகளும் பூச்சிமருந்தும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டைக் கையிலும் பூட்ஸிலும் படிந்தது பிள்ளையின் தோலுக்கும் வாய்க்கும் போகும். கைக்குழந்தை தோளைச் சப்பும் என்பதை மறக்காதீர்கள். தாஸ்கா வாசலில் ஒரு குழாய், சோப்பு, மாற்றுச் சட்டை வைக்க ஒரு கொக்கி. பூட்ஸ் வெளியே. இதை விதியாகவே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். காலி மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தால் அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும், எத்தனை முறை கழுவினாலும் அது குழந்தைகள் இடத்துக்கு ஆகாது.

இன்னொன்று வேன். பிள்ளை பின்சீட்டில் தூங்கிவிடும், ஓட்டுநர் இறக்கிவிட்டோம் என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போவார். வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடு நிமிடக் கணக்கில் ஏறும். ஏறும்போது எண்ணிக்கை, இறங்கும்போது எண்ணிக்கை, கடைசி சீட்டு வரை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்து. பிள்ளை வழக்கமான நேரத்துக்கு வராவிட்டால் அரை மணிக்குள் தாஸ்கா பெற்றோருக்குப் போன் செய்ய வேண்டும். பெற்றோரே காரில் மறந்துவிட்ட சம்பவங்களிலும் அந்த ஒரு போன்தான் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியது.

செம்பனைமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பூட்டு விஷயத்தை இன்று மாலையே பேசுகிறேன், டைலும் எண்ணிவிடுகிறேன். கூடமும் அறையும் சேர்த்து 160 டைல்கூடத் தேறாது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் என் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறது. புகார் கொடுத்தால் மூடிவிடுவார்களா? முதலில் முதலாளியம்மாவிடம் பேசிப் பார்ப்பது நல்லதா? முகநூலில் படத்தைப் போட்டால் வேகமாக நடக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பதிவேடு எழுதியது:

முகநூல் வேண்டவே வேண்டாம். கொடுமைக்கு ஆளான பிள்ளையை அடையாளம் காட்டும் படமோ விவரமோ வெளியிடுவது 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் 15-ஆவது பிரிவின்படி குற்றம், 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை. நல்லது செய்யப் போனவர்கள் மாட்டிக்கொள்வார்கள், சாட்சியமும் கெட்டுப்போகும்.

எதைப் பேசித் தீர்ப்பது, எதைப் பேசவே கூடாது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். பூட்டு, வாளி, தொட்டில், புட்டி: பேசுங்கள், ஒரு வாரம் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதிப் பேசுங்கள், தேதியோடு இருக்கும். பதிவும் ஆள் கணக்கும்: பேசுங்கள், அதே நேரத்தில் மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும் தெரிவியுங்கள். பிள்ளை உடம்பில் அடி, கடி, சூடு, விரல் பதிந்த தடம், பயந்து ஒடுங்குவது போன்றவை இருந்தால் முதலாளியம்மாவிடம் ஒரு வார்த்தைகூட வேண்டாம். நேராக அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவு, போலீஸ் ரிப்போர்ட். குளிப்பாட்டாதீர்கள், உடுப்பை மாற்றாதீர்கள். காயத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு 20 சென் காசு வைத்து எடுங்கள், அளவு தெரியும். பிள்ளையிடம் "அடிச்சாங்களா?" என்று எடுத்துக் கொடுத்துக் கேட்காதீர்கள், அது சொல்வதை மட்டும் சொன்னபடியே எழுதி வையுங்கள். சிறாரைக் கொடுமைப்படுத்துவதற்கும் கைவிடுவதற்கும் அதே சிறார் சட்டத்தின் 31-ஆவது பிரிவில் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. தாஸ்கா நடத்துபவர்களுக்கே, பிள்ளை கொடுமைக்கு ஆளானதாகத் தெரிந்தால் சமூகநல அதிகாரியிடம் சொல்லும் கடமை இருக்கிறது.

புகாருக்கு அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி தாலியான் காசே (Talian Kasih) 15999, இருபத்து நான்கு மணி நேரமும். வாட்ஸ்அப் 019-2615999. "அங்க சரியில்ல" என்று சொன்னால் நகராது. இப்படிச் சொல்லுங்கள்: முழு முகவரி, தேதி, காலை 5.45, பிள்ளைகள் 8, கைக்குழந்தை 2, பெரியவர் 1, பின்கதவில் பூட்டு, ஜேகேஎம் சான்றிதழ் சுவரில் இல்லை. மூன்று வெவ்வேறு நாட்களில் இதே மாதிரி குறித்திருந்தால் இன்னும் பலம். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மூடிவிடுவார்களா என்பதற்கு: அதைத் தவிர்க்கத்தான் காசுக் கணக்கை யாராவது மேசையில் வைக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆறு பேருக்கு 10,200, இபிஎஃப் சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் சேர்க்காமலே. 22 பிள்ளையால் வகுத்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 464 வெள்ளி, வாடகையும் சாப்பாடும் இன்னும் வரவில்லை. இப்போது வசூலாவது 250 வீதம் 5,500. அதில் மூன்று பேர் சம்பளம் 5,100. ஏன் மூன்று பேர் மட்டும் இருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் விடை. முதலாளியம்மா மனசாட்சி இல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன், அந்தக் கட்டணத்துக்குச் சட்டப்படி நடத்தவே முடியாது.

ஒரே கட்டணம் என்பதும் தவறு. கைக்குழந்தை ஒன்று ஒரு பராமரிப்பாளரின் மூன்றில் ஒரு பங்கு, சம்பளம் மட்டுமே 567 வெள்ளி. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு 340. மூன்றைத் தாண்டியவருக்கு 170. வயதுவாரியாகக் கட்டணம் வைத்து, கைக்குழந்தையை மூன்றோடு நிறுத்தினாலே ஓர் ஆள் குறையும். மொத்தப் பிள்ளைகளை இடத்துக்கு ஏற்ப 16 ஆக்கினால் டைல் கணக்கும் நேராகும். மீதிப் பேருக்கு வட்டாரத்தில் அரசாங்கத்தின் கெமாஸ் தாஸ்காவில் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மருந்துக்கொட்டாய் எழுதியது:

அந்த 464-ஐத் தோட்டத் தொழிலாளி தனியாகச் சுமக்க முடியாது என்பது உண்மை. அதனால் தோட்ட நிர்வாகத்தையும் இழுங்கள். அந்தக் காலத்தில் தோட்டங்களில் ஆயாக் கொட்டாய் இருந்தது யாருடைய தயவாலும் அல்ல. பிள்ளையை விட ஓர் இடமில்லாமல் தாய் பால் வெட்டப் போக முடியாது, அதனால் வேலையும் நடக்காது. இன்றும் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டத்தில் குழந்தைக் காப்பகம் பற்றிய விதிகள் இருக்கின்றன, அதைப் பார்ப்பது தொழிலாளர் இலாகா. தோட்டத்துக்கு உள்ளே குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை, நான்கு வயதுக்குக் கீழே பிள்ளைகள் எத்தனை என்று ஒரு பட்டியல் எடுத்து நிர்வாகிக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் ஒரே கடிதமாகக் கொடுங்கள். தொழிற்சங்கக் கிளை இருந்தால் அவர்கள் தாளில் போகட்டும்.

தொழிற்சாலைக்காரர்களிடம் வேறு மாதிரிப் பேசலாம். ஊழியர்களுக்கான தாஸ்கா செலவுக்கும் தாஸ்கா அலவன்சுக்கும் முதலாளிக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு உண்டு. மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம், எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தரை மணிக்கு இப்போதைக்கு ஓர் ஏற்பாடு: ஐந்தரையிலிருந்து ஏழரை வரை இரண்டாவது ஆள், தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள், மணிக்கு 8.72 வெள்ளி என்று பார்த்தால் சுமார் 453 வெள்ளி. அந்த நேரத்தில் விடும் எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்தால் தலைக்கு 57. கைக்குழந்தை இரண்டு, மற்றவர்கள் ஆறு என்றால் இரண்டு பேரும் விதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனாலும் ஒருவர் புரையேறிய குழந்தையைத் தட்டும்போது இன்னொருவர் கையில் தொலைபேசி இருக்கும். அந்த எட்டுப் பேரின் வயதையும் எழுதிப் போடுங்கள், மூன்றாவது ஆள் தேவையா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.